இரண்டாவது குழியில் கள் வாசம்

காலை 8.20. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, வேலுசாமியின் தோட்டம். இரண்டாவது குழியின் தார்ப்பாயை விலக்கியதும் குப்பென்று கள் வாசம். மாட்டுக்காக ஒன்றரை மாதம் மூடி வைத்திருந்த கரும்புத் தீவனம் முழுக்கப் பாழ். எருமை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

8.40. பால் சொசைட்டியில் பத்துப் பேர் முன்னால் வேலுசாமி அடித்துச் சொன்னார்: தீவனத்தைப் பதப்படுத்த மெஹ்ரீன் விற்கிற பாக்டீரியா பொடி வெறும் மாவு. விற்பனைக்கு அங்கே வைத்திருந்த பொடி முழுவதையும் சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு போகும்படி அவளிடம் சொல்லிவிட்டது சொசைட்டி. சங்ககிரியில் ஒற்றை அறையில் இரண்டு வருடம் பாடுபட்டு அந்தப் பெண் வளர்த்த தொழில் அது.

10.05. மெஹ்ரீன் பதறியடித்துத் தோட்டத்துக்கு வந்தபோது கால்நடை மருத்துவர் அறிவுமதி அங்கே இருந்தார். சினை ஊசி போட வந்தவர்தான். ஆனால் புதிர் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த அம்மாவை அங்கிருந்து கிளப்ப முடியாது.

முதல் குழியிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்தார். நல்ல புளிப்பு. இரண்டாவது, கள்ளேதான். தார்ப்பாயில் கிழிசல் இல்லை.

"கரும்பு?"

"ஒரே வயலுங்க."

"பொடி?"

"ஒரே பெட்டிங்க."

"கலக்குனது?"

"மொதக் குழி எங்கூட்டுக்காரி. ரெண்டாவது நானே, பாத்துப் பாத்துக் கலக்குனனுங்க" என்றார் வேலுசாமி, நெஞ்சை நிமிர்த்தி.

அவர் மனைவி சென்னம்மாள் சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு மிடறு குடித்த டாக்டர் முகம் சுளித்தார். வியாழக்கிழமையானால் ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், அதுதான் நாற்றம் என்றார் சென்னம்மாள்.

"ரெண்டாவது குழி மூடுனது என்ன கிழமைங்க?"

"வியாழன்" என்றார் வேலுசாமி. "மொதக் குழி செவ்வாய்."

எந்தத் தண்ணீரில் கலக்கினார்கள் என்பது அடுத்த கேள்வி. சென்னம்மாள் குழிக்குப் பக்கத்திலிருந்த போர்வெல் தண்ணீரில் கலக்கியிருந்தார். உசத்தியான மருந்தை உப்புத் தண்ணியில் கரைத்துவிட்டாயே என்று புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதனாலேயே வேலுசாமி, குடிக்கிற குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து தானே கலக்கியிருக்கிறார்.

11.15. அறிவுமதி கையைக் கழுவினார்.

"பொடி மேல குத்தமில்லீங்க. கொன்னது நீங்கதான்."

கரும்பில் சர்க்கரை அதிகம். சும்மா விட்டால் ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாக்கிவிடும். பொடியிலிருக்கும் பாக்டீரியா புளிப்பை உண்டாக்கி ஈஸ்ட்டை அடக்க வேண்டும். ஆனால் அது உயிருள்ள சரக்கு. தொட்டியில் கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின், நல்லது கெட்டது பார்க்காமல் அதையும் கொன்றுவிட்டது. போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை. முதல் குழி பிழைத்தது. பொடி மாவாக இருந்திருந்தால் இரண்டு குழியுமே கள்ளாகியிருக்கும்.

வேலுசாமிக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வா அம்மிணி, சொசைட்டிக்குப் போலாம். பத்துப் பேரு முன்னால உன்னையச் சொன்னேன். அதே பத்துப் பேரு முன்னால என் தப்பச் சொல்லிப்போடறேன்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் மெஹ்ரீனுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு பொடிப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"குளோரின் தண்ணி ஆகாதுன்னு இதுல எங்கயுமே நான் போடலைங்கண்ணா. அதையும் சொல்லிடறேன்."

வேலுசாமி பதறினார். "அதையேன் நீயா போய்ச் சொல்ற? பொழப்பு போயிருமல்ல?"

"ரெண்டு பேருமே சொல்லுங்க" என்றார் சென்னம்மாள். "அப்பத்தான் கேக்கறவங்க நம்புவாங்க."