நடுவுல யாரு?

கதவைத் திறந்தவள் வீல் என்று கத்திவிட்டாள்.

வாசலில் மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன். ஒரு தோளில் ஏணி, மறு தோளில் ஒயர் சுருள். அவள் கத்தியதில் அவனும் மிரண்டு பின்வாங்கி, ஏணியை எதிர்ச்சுவரில் இடித்தான்.

"நெட் வரலைன்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தீங்களே..."

"நாங்க ஒண்ணும் குடுக்கல. மேல் மாடியா இருக்கும். அதுக்குக் கதவை இப்படியா இடிப்பாங்க? உயிரே போயிடுச்சு."

"மன்னிச்சுக்குங்க... பெல் அடிச்சேன், சத்தமே வரல."

இமைகளிலிருந்து மழைநீர் சொட்ட, அதற்குக் கீழே இரண்டு கண்கள்... திட்டு வாங்கிப் பழகிய கண்கள். ஒரு நொடிக்கு மேல் பார்த்துவிட்டோமோ என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது. நடைவழி அலமாரியில் முதுகு முட்டப் பின்வாங்கி, அங்கிருந்தே கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

"போச்சு பாப்பா... மறுபடியும் நின்னுடுச்சு!"

அப்பாவின் குரல். அவள் உள்ளே ஓடினாள். குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு, ஏணியைப் போட்டுவிட்டு அவனும் பின்னாலேயே வந்துவிட்டான்.

ஹாலில் டிவிக்கு முன்னால் அப்பா. கையில் விளையாட்டுக் கன்ட்ரோலர். திரையில் ஒரு லாரி, மலைப்பாதை வளைவின் பாதியில் அப்படியே உறைந்து நின்றது.

இப்படி ஒரு வளைவில்தான், ஓட்டிவந்த லாரி பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி, மயிரிழையில் பிழைத்தவர் அவர். உடம்பு தேறிவிட்டது, பயம்தான் தேறவில்லை. வாசல்படி இறங்குவதே இல்லை. அவள் தம்பி வெளியூர் வேலைக்குப் போனபோது, தன் கம்ப்யூட்டரையும் அதிலிருந்த லாரி விளையாட்டையும் அவருக்காக விட்டுப் போனான். உள்ளறையில் ஓடும் விளையாட்டை ஒயரில்லாமல் ஹால் டிவிக்குக் கொண்டுவர ஒரு குட்டிப் பெட்டி. அதில்தான் அவர் மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கப் பழகினார்.

திங்கட்கிழமை வந்து வண்டியை எடுக்காவிட்டால் வேறு டிரைவர் போடுவதாக முதலாளி சொல்லியாகிவிட்டது. 'இதுல அந்த வளைவைத் தாண்டினா வரேன்' என்று அப்பா தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். சமவெளியில் ஜோராக ஓடும் படம், சரியாக அந்த வளைவில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும்.

"ஏதோ எச்சரிக்கை பண்ணுது பாப்பா. போகாதேங்குது."

அப்பா மலையேறப் போனாலும் அவளுக்குப் பயம். போகாமல் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டால்... அது அதைவிடப் பெரிய பயம்.

"ஐயா, அது ஒண்ணும் எச்சரிக்கை இல்ல. சிக்னல் விழுது, அவ்வளவுதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்களை யாரு உள்ள விட்டது?" என்று சீறினாள்.

"நீங்க கதவைச் சாத்தல..."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பாருப்பா தம்பி. சரியாகுதான்னு பாரு."

மேல் மாடி வேலையை முடித்துவிட்டு வந்தான். டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெட்டியை முன்னால் இழுத்து வைத்தான். நடைவழி அலமாரியிலிருந்த வைஃபை ரௌட்டரை அணைத்துப் போட்டான். பக்கத்து வீடுகளெல்லாம் ஒரே வைஃபை சேனலில் முட்டி மோதுவதாகச் சொல்லி, சேனலை மாற்றினான். எல்லாம் முடிந்து அப்பா ஓட்டினார். வளைவு வந்தது. படம் நின்றது.

"ரொம்ப நல்லா ரிப்பேர் பண்றீங்க" என்றாள்.

"நாளைக்கு வரேங்க."

"ஏணி எதுக்கு? ஏறவே இல்லையே?"

"ஏறுவேன்... கண்ணை மூடிக்கிட்டு. உயரம்னா எனக்குக் கொஞ்சம் உதறும்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று சிரித்து!

மறுநாளும் மழை. இந்த முறை அவன் டிவியைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் சிக்னல் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். லாரி மலையேறத் தொடங்கியது. இஞ்சின் முக்கும் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து அவள் ஓடிவந்தாள். கோடுகள் சடசடவென்று விழுந்தன. படம் நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நடைவழியில், ரௌட்டர் இருக்கும் அலமாரியில் முதுகைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அவள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

தள்ளினாள். கோடுகள் எழுந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவன் செய்த தப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன்! காரணம் நீங்கதாங்க! மனுஷ உடம்பு பூரா தண்ணி. தண்ணி சிக்னலைக் குடிச்சிடும். இங்க ஏற்கெனவே சுவர் கனம். வளைவு வந்தா நீங்க பயந்து ஓடிவந்து அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க..."

அவள் முகம் வெளுத்தது. வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குக் காவல் இருப்பவள். காவல்காரியையே திருடி என்கிறானே!

"எங்கப்பாவை முடக்கிப் போட்டது நானா? வெளிய போங்க."

"நான் அப்படிச் சொல்லல..."

"போங்கன்னு சொன்னேன்!"

அவன் போன பிறகு அலமாரி முன்னால் நின்றாள். தன் கைப்பேசியில் கோடுகள் விழுந்தன. விலகினாள், எழுந்தன. மறுபடி நின்றாள்... அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கதவு மிக மெதுவாகத் தட்டப்பட்டது.

"சிரிச்சிருக்கக் கூடாது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான். ஏணி இல்லை. ஒயர் இல்லை.

"நீங்க சொன்னது நிஜம்தான். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப ஓட்டப் போறாரு. நான் சமையலறையை விட்டு வரக் கூடாது... தனியா இருக்க முடியலைங்க. கூட இருப்பீங்களா?"

சமையலறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஹாலில் லாரி கிளம்பியது. சமவெளி... பாலம்... பிறகு மேடு. இஞ்சின் முக்கியது. அவள் கால்கள் தானாக வாசற்படிக்கு நகர்ந்தன. அவன் கையை நீட்டினான். தயங்கித் தயங்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எதுக்கு நடுங்குது?"

"ஏணி உச்சியில நிக்கிற மாதிரி இருக்கு."

கியர் மாறிய சத்தம். வளைவு. இஞ்சின் உறுமியது... உறுமியது... சட்டென்று நின்றுபோனது.

நிசப்தம்.

அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். போச்சு. நான் விலகி நின்றும் போச்சு. இனி அப்பா எழுந்திருக்கவே மாட்டார்...

"பாப்பா..." அப்பாவின் குரல். "தாண்டிட்டேம்மா. ஓரம் கட்டி இஞ்சினை ஆஃப் பண்ணியிருக்கேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. ஹாலை நோக்கி ஓடியவள் நடைவழியில் சட்டென்று நின்று திரும்பினாள். பின்னால் வந்தவன் அவள்மேல் மோதாமல் அலமாரியைப் பிடித்து நின்றான்.

"நாளைக்கு நிஜமாவே போயிடுவாரு. சாயங்காலம் திரும்பி வர்ற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இருக்கப் போறதில்ல" என்றாள்.

"நான் வந்து உக்காந்துக்கட்டுமா?"

"எந்தக் கம்ப்ளெயின்ட்டுக்கு?"

"என் கம்ப்ளெயின்ட்டுக்குத்தான். உங்க கதவைத் தப்பாத் தட்டின நாள்லேருந்து எனக்கு எதுவும் ஓடல. நடுவுல நீங்க வந்து நின்னுக்கிறீங்க."

அவள் தலை குனிந்தாள். காதோரம் சூடேறியது. "நகரச் சொல்றீங்களா?"

"வேண்டாம்... நகராதீங்க."

"எனக்கும்... நகர மனசில்ல" என்றாள்.

ஹாலில் இஞ்சின் மறுபடி கிளம்பியது. இரண்டு உறுமல் உறுமி, விக்கி, நின்றது.

"படம் நின்னுடுச்சு!" என்று கத்தினார் அப்பா. குரலில் நடுக்கம் இல்லை, நக்கல் இருந்தது. "நடுவுல யாரு? ஒருத்தரா, ரெண்டு பேரா?"