பாதியில் நின்ற கை

"அம்மா விழுந்த சத்தம் கேட்டுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"கேட்டுச்சு."

"கேட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல."

"கை பாதி வழியில இருந்துச்சுடி," என்றாள் அக்கா.

தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது, அம்மா குளியலறைத் தரையில் இடுப்பு உடைந்து, கத்திக் கத்திக் குரல் போய், வெறும் காற்றாக முனகிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி இந்த மகாராணி. மடியிலிருந்து கையைத் தூக்கி வாயையும் மூக்கையும் பொத்துவது, அவ்வளவுதான் இவளுடைய கலை. அதற்கு ஒரு மாலை முழுக்க எடுத்துக்கொள்வாள். ஊர் ஊராக மேடையேறி அதைச் செய்து காட்டுவாள். ஜனங்களும் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

இப்போதும், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க அவள் ஓடி வந்திருக்கும் இந்த நேரத்திலும், அந்தக் கை அக்காவின் மார்புக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது.

"இதைப் பாதியில விட முடியாது. யாராவது முடிச்சாகணும்."

"நான் முடிச்சு வைக்கிறேன், இரு."

தங்கை அந்த மணிக்கட்டைப் பிடித்து அக்காவின் மடியிலேயே அறைந்தாள். ஈர மணல் மூட்டை போலக் கனத்தது. அக்காவின் முகத்தில் வலி இல்லை. பயம் இருந்தது. தன் கையைப் பார்க்காமல் தங்கையின் கையைப் பார்த்தாள்.

"என்னடி பண்ணிட்ட?"

"போதும் உன் நாடகம்."

உள்ளறையில் தைல வாசனையும் அம்மாவின் தலையணையில் ஊறிய எண்ணெய் வாசனையும் கலந்து கிடக்க, குளியலறைக் குழாய் சொட்டுவது சுவரைத் தாண்டிக் கேட்க, அக்காவைக் கரித்துக்கொட்டியபடியே அவள் துணிகளைப் பைக்குள் திணித்தாள். கடைசிப் புடவையை வைத்த பிறகுதான் கவனித்தாள், பைக்குள் போன வலது கை திரும்பி வரவில்லை. வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் எழும்புவது போல, அவ்வளவு நிதானமாக.

கனத்தது. ஈர மணல் மாதிரி.

இடது கையால் பிடித்துக் கீழே அழுத்தினாள். நிற்கவில்லை. கையைக் கட்டில் சட்டத்தில் மோதினாள். வலித்தது, ஆனால் நிற்கவில்லை. சுவரில் அதன் நிழல் வயிற்றைக் கடந்தது. நெஞ்சைக் கடந்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. பைக்குள் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரிதான். அம்மாவிடம் உடனே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கழுத்து. முகவாய். தன் விரல்களிலேயே தைல வாடை.

கூடத்துக்கு ஓடினாள்.

அக்கா எழுந்துகொண்டிருந்தாள். உதவத்தான் எழுகிறாள், அதில் சந்தேகமில்லை. முகம் முழுக்க அழுகை. கண்ணீர் மட்டும் வேகமாக ஓடியது. மற்றதெல்லாம் அவளுடைய கதியில். நாற்காலியை விட்டு உடம்பு ஒரு நூல் உயர்ந்திருந்தது. ஒரு குதிகால் மட்டும் தரையை விட்டுப் பிரிந்திருந்தது. அடுத்த குதிகால் இன்னும் பிரியவில்லை.

உள்ளங்கை உதட்டைத் தொட்டது. மூக்கை நோக்கி விரிந்தது. விரலிடுக்கில் மிச்சமிருந்த காற்றில் தங்கை கேட்டாள்:

"அக்கா, சீக்கிரம் வந்து இந்தக் கையைப் பிடிச்சு இழு."