சிலந்தி வைத்த நீலப் பொடி

என் பேஸ் கிதாரை யாரோ கெடுத்துவிட்டார்கள். யாரோ என்று சும்மா சொல்கிறேன். இடிதான். வேறு யார்?

இடி எங்கள் பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். விரல்கள் நீளம் என்பதால் என் பெயர் சிலந்தி. போன வாரம் வரை என் கிதார் ‘தூம் தூம்’ என்று நெஞ்சுக்குள் இறங்கும். இந்தத் திங்கட்கிழமை, அம்மா கிழிசல் தைத்துக் கொடுத்த தோள் வாரை மாட்டிக்கொண்டு வாசித்தால், ‘டங் டங்’ என்று தகர டப்பா சத்தம். புதன்கிழமையும் அதே டங் டங்தான்.

“பேஸ் கேக்கவே இல்லையேம்மா,” என்றார் இசை சார். “நாளைக்கும் இப்படின்னா, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில உன் பகுதியை நான் கீபோர்டுல வாசிச்சுடறேன். நீ பின்னாடி நின்னு கை தட்டு.”

கை தட்டவா ஒரு வருஷம் விரல் தேயப் பழகினேன்?

இசை அறைச் சாவி இடியிடம்தான் இருக்கும். அதனால் கிளம்பும் முன், கிதார் பெட்டியின் கொக்கி மேல் நீல சாக்பீஸ் பொடியைத் தூவிவைத்தேன். தொட்டால் மாட்டிக்கொள்வான்.

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். இடி ஒரு மூட்டையை இடுக்கிக்கொண்டு, மறுபடியும் அந்த அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

ஓடிப்போய், “என்னடா அது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததை ஏன் ஒளிக்கிற?”

“உனக்கெதுக்கு?” என்று கதவைச் சாத்திக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது. சந்தேகமே இல்லை, இவன்தான்.

மறுநாள் இடி கதவைத் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பொடி தூவியது தூவியபடி இருந்தது. இடியின் கையைப் பிடித்துத் திருப்பினேன். அதுவும் சுத்தம்.

“என்ன சிலந்தி, ஜோசியம் பாக்கறியா?” என்றான்.

கடுப்போடு கொக்கியைத் திறந்தேன். என் கையெல்லாம் நீலம். அந்தக் கையோடேயே வாசித்தேன். டங் டங்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. பிறகு எப்படி?

கிதாரில் ஒட்டிய நீலத்தைத் துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். என் வலது கை பட்ட இடம் முழுக்க, கம்பிகளைக் கட்டியிருக்கும் கடைசி முனையில் இருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்துப் பக்கமாக, வேறொரு தடம். ஒரு வருஷமாக என் கட்டைவிரல் உரசிச் சாயம் தேய்ந்த இடம் அது. அங்கே ஒரு பொட்டு நீலம்கூட இல்லை.

தோள் வாரைப் பார்த்தேன். அம்மா கிழிசலை வெட்டிவிட்டுத் தைத்ததில் வார் குட்டையாகியிருந்தது. கிதார் நெஞ்சுக்கு ஏறிவிட, கை மடங்கி முனைப் பக்கம் போயிருக்கிறது. முனையில் கம்பி விறைப்பாக நிற்கும், ‘டங்’ என்றுதான் கத்தும். கழுத்துப் பக்கம் தாராளமாக ஆடும்.

கிதாரைக் கெடுத்த ஆளைப் பிடித்துவிட்டேன். கையெல்லாம் நீலம், நீளமான விரல்கள்.

கையைப் பழைய தடத்துக்கு நகர்த்திச் சுண்டினேன்.

தூம். தரை அதிர்ந்தது.

“இதைத்தானே கேட்டேன்,” என்றார் சார். “நாளைக்கு நீயே வாசி.”

இடி எழுந்து, பெரிய டிரம்முக்குள் கையை விட்டு ஒரு போர்வையை உருவினான். நேற்றைய மூட்டை.

“இது எதுக்குடா?”

“என் சத்தம் குறைஞ்சா உன்னோடது கேக்கும்னு நேத்து அடைச்சு வச்சேன். இனிமே வேணாம்ல?”

எனக்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது. “நான் உன்னைத்தான்டா சந்தேகப்பட்டேன்.”

“தெரியும். மூணு நாளா முறைச்சுக்கிட்டே இருந்தியே. நேத்து ராத்திரி நான் குளிர்லதான் தூங்கினேன்.”

போர்வையை நானே மடித்துக் கொடுத்தேன். அதில் பத்து நீல விரல்கள் பதிந்துவிட்டன.

“அம்மா கேட்டா யாருன்னு சொல்றது?” என்றான் இடி.

“சிலந்தின்னு சொல்லு,” என்றேன். “கைரேகை இருக்கு.”