நாற்பத்தெட்டு ஐஸ் கட்டிகள்

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு ராணியம்மாள் பீரோவைத் திறந்தாள். காசுமாலை வைத்த டப்பா இருந்தது. காசுமாலை இல்லை. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்றுவிட்டது.

ஒன்பது நாற்பதுக்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக் கொளஞ்சியப்பன் அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். திருட்டுச் சமாச்சாரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் கதவில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரர் தீனதயாளன் ஆறரைக்கே போன் போட்டிருந்தார். அதற்காக வந்திருந்தான்.

வாசலில் கார் நிற்கும் இடத்தில், வெறுந்தரையில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவிப் பெருக்குகிறவள். கண் சிவந்திருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"நான் காசுமாலையத் திருடிட்டேனாம் தம்பி. பதினோரு மணிக்கு போலீசு வருதாம்."

கொளஞ்சியப்பன் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. தொழில் கொடுத்த குணம் அது. கள்ளக்குறிச்சியில் தொடங்கி கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே பேச்சு: "யாரும் தொடல, அதுவா நின்னுபோச்சு." உள்ளே பார்த்தால் ஐஸைப் பெயர்க்கக் கத்தியால் குத்திய ஓட்டை இருக்கும். இருபது வருஷம் இப்படியே போனால் மனுஷன் வேறு எப்படி இருப்பான்? காசியம்மாளையும் அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான். ஆனால் போலீஸ் வருகிறது என்று தெரிந்தும் ஓடாமல் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தது அவனை உறுத்தியது.

உள்ளே தீனதயாளன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். கேட்காமலே கொட்டினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை என் தங்கச்சி பொண்ணு இசைவாணிக்குக் கல்யாணம்ப்பா. தாய்மாமன் சீர்ல எங்கம்மாவோட மாலையப் போடறதா அவங்க சாவும்போது வாக்குக் குடுத்துட்டேன். நேத்து காலைல தங்கச்சி வூட்டுக்காரங்க எலவனாசூர்கோட்டைலேர்ந்து பத்திரிகை வைக்க வந்தாங்க. எல்லாரும் மாலையப் பாத்தாங்க. பதினொன்றரைக்கு பீரோல வெச்சோம்."

"அப்புறம் ரூமுக்குள்ள யாரு சார் போனா?"

"காசியம்மா பன்னெண்டு மணிக்குப் பெருக்கினா. ஒரு மணிக்குக் கெளம்பி, ரெண்டு மணி பஸ்ல வெள்ளிமலைக்குப் போயிட்டா, அக்கா வூட்டுக்காம். காலைல மொத பஸ்ல எறங்கி ஏழு மணிக்குத்தான் வர்றா. இன்னாத்துக்கு அவ்ளோ அவசரம்? நகைய அங்க குடுத்துட்டு வந்துட்டா."

"வேற யாரு?"

"ராணியோட தம்பி, என் மச்சான் ஜெயப்பிரகாஷ் இருந்தான். நாலு மணிக்கு சின்னசேலம் போயி ரயில் ஏறிட்டான். அஞ்சு மணிக்கு நானும் பொண்ணு சந்தியாவும் சீர்ப் பாத்திரத்த எடுத்துக்கினு தங்கச்சி வூட்டுக்குப் போனோம். வரும்போது மணி பத்து. ராணிக்குத் தலைவலி, வூட்லயே இருந்தா."

அடுக்களை வாசலில் நின்றிருந்த ராணியம்மாள் நெற்றியில் தைலம் பூசியிருந்தாள். "போலீஸ்லாம் எதுக்குங்க? அவள வேலய வுட்டு நிறுத்திட்டாப் போதும். போனது போவட்டும்."

"ஏழு பவுனு! போவட்டுமா?" என்று தீனதயாளன் பாய்ந்தார்.

கொளஞ்சியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். ஊர் வம்பு அவனுக்குப் பிடிக்கும், ஆனால் வேலைக்கு நடுவில்தான் பிடிக்கும்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஆளுயரத்துக்குப் பளபளத்தது. சுவரில் மாட்டிய குடிநீர் மெஷினிலிருந்து ஒரு வெள்ளை டியூப் அதன் முதுகுக்குப் போகும். அந்தத் தண்ணீர்தான் ஒரு பக்கம் கதவுக் குழாய்க்கும், இன்னொரு பக்கம் ஐஸ் தட்டுக்கும் பிரியும்.

டம்ளரை வைத்து அழுத்தினான். உள்ளே வால்வு 'உர்' என்றது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஃபில்டர் அடைச்சிருக்கும்ப்பா. அத மட்டும் மாத்திட்டுப் போ" என்றாள் ராணியம்மாள். "இன்னைக்கு இருக்கிற ரணகளத்துல ஃபிரிட்ஜ இழுத்துப் போட்டுக்கினு இருக்காத."

"ஃபில்டர் போன மாசந்தாம்மா நானே மாத்தினேன்."

"அப்ப கதவுக்குள்ள தண்ணி உறைஞ்சிருக்கும்."

நல்ல ஊகம்தான். கொளஞ்சியப்பன் மேலே ஐஸ் தட்டைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. கதவுக்குள் உறைந்திருந்தால் கதவில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், தட்டு காயாது. இரண்டும் ஒன்றாகச் செத்திருக்கிறது என்றால் கோளாறு தண்ணீர் பிரியும் இடத்துக்கு முன்னால், முதுகுப் பக்கம்.

தட்டுக்குக் கீழே பெட்டியில் ஐஸ் கட்டிகள் கிடந்தன.

"இதுலேர்ந்து ஐஸ் எடுத்தீங்களா பாப்பா?" என்று சந்தியாவைக் கேட்டான்.

"நேத்து பதினோரு மணிக்கு வந்தவங்களுக்கு ரோஸ்மில்க் போட்டேன். பெட்டிய அப்படியே கவுத்துக் காலி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் யாரும் எடுக்கல."

'யாரும் எடுக்கல' என்றதும் வழக்கம்போல அவனுக்குச் சந்தேகம் வந்தது. பெட்டியைத் திரும்பவும் பார்த்துக்கொண்டான்.

குடிநீர் மெஷினில் டியூபைக் கழற்றினான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆக, மெஷின் யோக்கியம். டியூபை மாட்டினான். ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் பிடித்தான்.

"வேணாம்னு சொல்றேன்ல!" என்று ராணியம்மாள் கத்தினாள்.

உருளைகள் கிறீச்சிட்டன. ஃபிரிட்ஜ் வெளியே வந்தது. மணி பத்து பதினைந்து.

சுவரோரம் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்ன மூட்டை விழுந்தது. அதை யாரோ டியூபுக்கும் சுவருக்கும் நடுவில் திணித்திருந்தார்கள். ஃபிரிட்ஜைத் திரும்பச் சுவரோடு தள்ளியபோது மூட்டை அழுத்தி, டியூப் மடிந்து, தண்ணீர் நின்றிருந்தது.

சந்தியா துணியைப் பிரித்தாள். காசுமாலை.

தீனதயாளன் அதை வாங்கிக் காசு காசாகத் தடவிப் பார்த்தார். உடனே அவர் குரல் வெடித்தது. "பாத்தியா அவ கெட்டிக்காரத்தனத்த! இங்க ஒளிச்சி வெச்சி, நாள் பாத்து எடுத்துக்கினு போலாம்னு இருந்திருக்கா. வரட்டும் போலீஸ்."

முதலில் மலைக்குக் கொண்டு போனாளாம். இப்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்தாளாம். கதை எத்தனை தடவை மாறினாலும் திருடி மட்டும் மாறவில்லை. கொளஞ்சியப்பனுக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டு வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டினான்.

"சார், போலீஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. இந்தப் பெட்டிய எண்ணுங்க பாப்பா."

சந்தியா எண்ணினாள். "நாற்பத்தெட்டு."

"இந்த ஃபிரிட்ஜ் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எட்டுக் கட்டி போடும். அது விழுந்ததும் அடுத்த எட்டுக்குத் தண்ணிய இழுத்துக்கும். பதினோரு மணிக்கு நீங்க கவுத்தப்ப தட்டுல எட்டு உறைஞ்சிக்கினு இருந்திருக்கும். அத வுட்டுடுவோம். மீதி?"

"நாற்பது."

"அஞ்சு தடவ தண்ணி வந்திருக்கு. ரொம்பச் சீக்கிரமா வந்துச்சுன்னு வெச்சிக்கினாலும் பதினொன்னு, ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. நேத்து சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இந்த டியூபுல தண்ணி ஓடியிருக்கு சார். மூட்டைய வெச்சதுந்தான் நின்னுச்சு."

"நடுவுல கரண்ட் போயிருந்தா?"

"லேட்டாவும். கதவத் திறந்து திறந்து மூடினாலும் லேட்டாவும். யாராச்சும் ரெண்டு கட்டி எடுத்திருந்தாலும் இன்னும் லேட்டாத்தான் ஆவும். எப்படிப் போட்டாலும் ஏழு மணிக்கு முன்னாடி வராது."

தீனதயாளன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏழு மணிக்குக் காசியம்மாக்கா வெள்ளிமலைல. காலைல அவங்க வர்றதுக்கு முன்னாடி, ஆறரைக்கே தண்ணி வரலன்னு நீங்க எனக்கு போன் போட்டுட்டீங்க. உங்க மச்சான் ரயில்ல. நீங்களும் பாப்பாவும் எலவனாசூர்கோட்டைல." கொளஞ்சியப்பன் அத்தோடு நிறுத்திக்கொண்டான். மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சந்தியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணியம்மாள் தைலம் பூசிய நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"ஆமா, நான்தான். இருவத்தாறு வருசமா தொடச்சித் தொடச்சி வெச்சேன். ஒரு நாள் என் கழுத்துல போட வுட்டாங்களா உங்கம்மா? இப்ப தங்கச்சி பொண்ணுக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்க. ஏன், என் பொண்ணுக்குக் கழுத்து இல்லியா?"

"அதுக்குக் காசியம்மாவ ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"அதனாலதான போலீஸ் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன்!" என்று அழுதாள். "பீரோ, பரண்மேலன்னு எங்க வெச்சாலும் தேடுவீங்க. ஃபிரிட்ஜ யாரும் நகத்த மாட்டீங்க, காசியம்மாவ நான் அதத் தொடவே வுட்டதில்ல, அதான் அங்க வெச்சேன். டியூப் மடிஞ்சி தண்ணி நின்னுடும்னு யாருக்குத் தெரியும்?"

தீனதயாளன் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, வர வேண்டாம் என்றார். வாசல் பக்கம் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

கொளஞ்சியப்பன் டியூபின் மடிந்த துண்டை வெட்டியெறிந்து புதுசு போட்டான். சுவரிலிருந்து நாலு விரல் இடம் விட்டு ஃபிரிட்ஜைத் தள்ளினான். காற்று கலந்து கக்கிய முதல் இரண்டு டம்ளரைக் கீழே ஊற்றிவிட்டு வாசலுக்கு வந்தான். அங்கே சந்தியா காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"யக்கா, உள்ள வா. தண்ணி வருதான்னு நீ பாத்துச் சொல்லு."

பன்னிரண்டு வருஷமாகத் தன் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தவள், அடுக்களைக்குள் வந்தாள். டம்ளரை எடுத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் சீராகக் கொட்டியது. ராணியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். காசியம்மாள் அண்ணாந்து தூக்கிக் குடிக்கவில்லை. வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

காலி டம்ளரைத் தொட்டியில் வைத்தாள்.

"நாளைலேர்ந்து நான் வரல ராணிம்மா. அத நீங்களே கழுவிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.