கிளை விலகினால் கடல்...

தொலைபேசி அலறியது.

ஆரபி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒஸ்லோ பொலிசில் புலனாய்வு அதிகாரி. இங்கேயே பிறந்தவள், தமிழும் நோர்வேஜிய மொழியும் ஒரே நாக்கில் குடித்தனம் நடத்தின.

"அவசர அழைப்பு ஒன்று. ஆள் பதற்றத்தில் பாதி தமிழில் பேசுகிறார் போலிருக்கிறது. நீயே கேள்" என்று சொல்லி அவசர அழைப்புப் பிரிவில் இணைப்பைத் திருப்பி விட்டார்கள்.

"ஆரபி கதைக்கிறன். நீங்கள் ஆர்?"

"டானியல். மரக் கிளை வெட்டுறனான்."

"எங்கை நிக்கிறியள்?"

"மரத்திலை."

"எந்த இடம் எண்டு கேட்டனான்."

"ஹோல்ம்லியா. மேட்டிலை கடைசி வீடு. கீழ் வீட்டிலை ஒரு ஆள் தொங்குறார், தங்கச்சி."

ஆரபி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உயிர் இருக்கோ?"

"ஆடுறார். ஆனால் காத்துக்குத்தான் ஆடுறார்."

"நீங்கள்தான் முதல் கண்டதோ?"

"இல்லை. இந்த வீட்டு மனிசி. சொல்வெய் எண்டு பேர். கடல் தெரியோணும் எண்டு கிளை எடுக்கச் சொன்னவ. நான் எடுத்தன். அவ எட்டிப் பாத்தா. கடல் தெரிஞ்சுதோ இல்லையோ, பிணம் தெரிஞ்சுது. கத்தின கத்தலிலை நான் கயிறை விடப் பாத்தன்."

சொல்வெய்...

அந்தப் பெயர் ஆரபிக்குத் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் சொல்வெய்யின் கணவர் தொர்ஸ்தைன் காணாமல் போனார். படகில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்தது. ஆரபிதான் விசாரித்தாள். சொல்வெய் கண்ணீர் விடாமல், விசாரிக்க வந்தவளுக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்தாள். என்ன உடை போட்டிருந்தார் என்று கேட்டபோது மட்டும் விரிவாகச் சொன்னாள்.

சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி ஜக்கெற். இடது முழங்கையில் பச்சைத் தோல் ஒட்டு. தானே தைத்த ஒட்டு.

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஆரபிக்கு அந்தக் கோப்பில் மனம் ஒட்டவே இல்லை. இன்றுவரை அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

"இறங்காதேங்கோ. வாறம்" என்றாள்.

"இறங்குற எண்ணம் இல்லை" என்றார் டானியல்.

கூட வந்தவர் எய்ரிக். ஆறடிக்கு மேல் உயரம். அதிகம் பேசமாட்டார், பேசினால் கைது செய்வார்.

கீழ் வீட்டை மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் முழுவதும் பலகை. அந்தச் சாரத்தின் உச்சியில், முகப்பில், ஒருவன் கழுத்தில் கயிற்றோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எய்ரிக் ஏணியில் தாவி ஏறி, ஆளின் தோளைப் பிடித்தார்.

தலை கழன்று விழுந்தது!

படியில் இரண்டு தரம் துள்ளி, ஆரபியின் சப்பாத்தில் வந்து முட்டி நின்றது. பழைய கால்பந்து. கறுப்பு மையில் முறுக்கு மீசை. நாக்கு வெளியே.

எய்ரிக் மேலேயே நின்றார். கையில் தலையில்லாத உடல். அதன் கழுத்துக்குள்ளிருந்து வைக்கோல் கொட்டியது.

"இது என்ன?" என்றார் நோர்வேஜிய மொழியில்.

ஆரபி மூச்சு விட்டாள். "வெருளி. வீடு கட்டும்போது எங்கள் ஆட்கள் தொங்கவிடுவார்கள். பார்க்கிறவர்கள் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இதைப் பார்ப்பார்கள். கண்ணூறு படாது."

"வேலை செய்யுமா?"

"பார்க்க வைத்துவிட்டதே."

வீட்டுக்காரர் வெளியே வந்தார். பத்மநாதன். பஸ் ஓட்டுகிறவர். வாசலில் பொலிஸ் காரைக் கண்டதும் முதலில் மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

"என்ன பிள்ளை, பேர்மிற் எல்லாம் எடுத்துத்தான் கட்டுறம்."

"அதில்லை, அங்கிள். வெருளியைக் கண்டு மேல் வீட்டு மனிசி பயந்திட்டா. மரத்தைக் கத்தரிச்சவை, இப்ப அவவுக்கு உங்கடை முகப்பு நேரே தெரியுது."

"முந்தித் தெரியாது. அவவின்ரை மனிசன் இருக்கேக்கை ஒரு இலை பிடுங்க விடாது. அந்தப் பைன் ஊசி முழுக்க எங்கடை கூரைப் பீலிக்குள்ளை."

ஆரபி சிரித்தாள். சிரித்தபடி, எய்ரிக் மேலிருந்து கீழே போட்ட வெருளியைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

சிவப்புக் கட்டம். கம்பளி.

இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கையில் பச்சைத் தோல் ஒட்டு...

எய்ரிக்கும் பார்த்தார். அவரும் அந்தக் கோப்பைப் படித்தவர். ஏணியிலிருந்து இறங்கும்போது அவருடைய கை இடுப்பில் இருந்த விலங்குக்குப் போயிருந்தது.

"அங்கிள்" என்றாள் ஆரபி. குரல் மாறியிருந்தது. "இந்த ஜக்கெற் ஆற்றை?"

"என்ரைதான்."

"எங்கை வாங்கினனியள்?"

"கடையிலை. நல்ல கடை. புதுசா."

"புதுசா வாங்கின ஜக்கெற்றையோ வெருளிக்குப் போட்டனியள்?"

பத்மநாதன் தொண்டையைச் செருமினார். "வடிவா இருக்கட்டும் எண்டு."

"முழங்கையிலை ஒட்டு?"

"அது... இப்பத்தைய பாஷன்."

பொய். பச்சைப் பொய். பஸ் ஓட்டத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பொய் ஓட்டத் தெரியவில்லை.

எய்ரிக் குனிந்து சொன்னார்: "போன வருடம் இந்த மனிதர் தொர்ஸ்தைனோடு வேலியில் நின்று சண்டை போட்டிருக்கிறார். 'உன்னையும் உன் மரத்தையும் ஒன்றாகச் சாய்ப்பேன்' என்றிருக்கிறார். கோப்பில் இருக்கிறது."

"எல்லாரும் கோபத்தில் சொல்வதுதான்."

"எல்லாரும் செத்தவனின் ஜக்கெற்றை வாசலில் தொங்கவிடுவதில்லை."

ஆரபி வாசலில் நின்ற பத்மநாதனைத் திரும்பிப் பார்த்தாள். கைவிலங்கோடு இந்த மனிதர் காரில் ஏறினால் போதும்; கார் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் செய்தி தமிழர் நிறைந்த குரோருட்டைத் தாண்டிவிடும். பிறகு கோர்ட் விட்டாலும் ஊர் விடாது.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. இது விளையாட்டில்லை. இந்த ஜக்கெற்றோடைதான் அந்த மனிசன் காணாமல் போனவர்."

பத்மநாதனின் முகம் வெளுத்தது. ஆனாலும், "கடையிலைதான்" என்றார்.

கதவு திறந்தது. அவருடைய மனைவி வசந்தமலர், கையில் அகப்பை.

"உங்களுக்கு விசரே? மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப்போறன் எண்டு நிக்கிறியள். பிள்ளை, அது லொப்பமார்க்கெட்டிலை நான் எடுத்தது."

"மலர், நீ உள்ளை போ."

"போகமாட்டன். பள்ளிக்கூடத்து பாண்ட் பிள்ளையளுக்கெண்டு பழைய சாமான் விக்கிறவையெல்லே, அங்கை எடுத்தனான். நல்ல கம்பளி எண்டு இவருக்கு எடுத்தன். பிறத்தியார் போட்டது போடமாட்டன் எண்டு ஒரே பிடி. அதாலை வெருளிக்குப் போட்டு விட்டன்."

ஆரபி பத்மநாதனைப் பார்த்தாள். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீர் தமிழ்ப் பிள்ளை."

"அதுக்கு?"

"நீர் அம்மாவுக்குச் சொல்லுவீர். அம்மா ஊருக்குச் சொல்லுவா. வீட்டை உயர்த்திக் கட்டிப்போட்டு பத்மநாதன் பழைய உடுப்பு வாங்குறான் எண்டு கதைப்பினம்."

கொலைக் குற்றச்சாட்டைத் தாங்க அந்த மனிதர் தயாராக இருந்தார். பழைய ஜக்கெற்றைத் தாங்கத்தான் முடியவில்லை.

ஆரபி மொழிபெயர்த்தாள். எய்ரிக் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"அங்கே மூட்டை மூட்டையாக வந்து குவியும். யார் கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்? முதல் கேள்விக்கே பொய் சொன்னவர் இவர். நான் கொண்டுபோகிறேன்."

விலங்கு வெளியே வந்தது. வசந்தமலர் அகப்பையோடு கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேலே போய்விட்டு வருகிறேன். அதுவரை பூட்டாதே" என்றாள் ஆரபி.

"எதற்கு?"

"கொலைகாரன் ஜக்கெற்றை ஒளிப்பான், எய்ரிக். இவர் கயிறு கட்டிக் காட்டியிருக்கிறார்."

டானியல் இப்போது மரத்தை விட்டு இறங்கி, கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர். கழுத்தில் சிலுவை, இடுப்பில் கைவாள்.

அவருக்குப் பின்னால் மூன்று பைன் மரங்கள். எதுவும் மொட்டையாகவில்லை. அங்கொரு கிளை, இங்கொரு கிளை என்று எடுத்து, இலைக் கூட்டத்தின் நடுவே ஒரு ஜன்னல் திறந்திருந்தார். ஜன்னலுக்குள் கடல் நீலமாகக் கிடந்தது. ஒரு வெள்ளைப் படகு போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் பத்மநாதனின் சாரம்.

"அருமையாச் செய்திருக்கிறியள்" என்றாள் ஆரபி.

"மரத்துக்குத் தெரியாமல் வெட்டோணும், தங்கச்சி. அதுதான் தொழில்."

"அந்த மனிசி கத்தினவுடனை என்ன செய்தவ? மேலை இருந்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எல்லாம் தெரிஞ்சுது. கத்தினா. உடனை ஓடினா."

"கீழ் வீட்டுக்கோ?"

"இல்லை. உந்தக் கரையிலை தனிய நிக்கிற மரத்தடிக்கு." டானியல் கையை நீட்டிக் காட்டினார். "முழங்கால்லை இருந்து நிலத்தைத் தடவினா. பாசியை விலத்தி விலத்திப் பாத்தா. பிறகு பெருமூச்சு விட்டா. செபம் சொல்லுறா ஆக்கும் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பொலிசுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டன். வேண்டாம் எண்டவ. நான் அப்பவே அடிச்சிட்டன்."

ஆரபி அந்த ஓரத்து மரத்தைப் பார்த்தாள். மற்ற இரண்டு மரங்களின் அடியிலும் பழைய புல். இதன் அடியில் மட்டும் புதிதாகப் பதித்த பாசி.

"இந்த மரத்தைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

"மேலை என்னவும் வெட்டு, அடியிலை மட்டும் கால் வைக்காதை எண்டவ. பூ நட்டிருக்கிறாவாம்."

பூ எதுவும் முளைத்திருக்கவில்லை.

சொல்வெய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அந்தக் கிளை ஜன்னலை நோக்கி நேராகப் போடப்பட்டிருந்தது. கையில் கோப்பி.

"உட்கார், ஆரபி. வாஃபிள் சாப்பிடுகிறாயா?"

"பிறகு. கீழே தொங்கியது வெறும் வைக்கோல் பொம்மை."

"தெரியும்."

"ஜக்கெற் தொர்ஸ்தைனுடையது."

"அதுவும் தெரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் படகில் போனார். இப்போது அது கீழ் வீட்டில் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு? அந்த மனிதர் அவரை மிரட்டியவர்."

ஆரபி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்தப் பெண்ணின் தோளில் தட்டி ஆறுதல் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது.

"கத்தியபோது, தொங்குவது யார் என்று நினைத்தீர்கள்?"

"தொர்ஸ்தைன் என்று. வேறு யார்? அவருடைய ஜக்கெற் ஆயிற்றே."

"கணவர் தொங்குகிறார் என்றால் மனைவி அவரிடம் ஓடுவாள். நீங்கள் மரத்தடிக்கு ஓடியிருக்கிறீர்கள்."

"தலை சுற்றியது. மரத்தைப் பிடிக்கப் போனேன்."

"மரத்தைப் பிடிக்கவில்லை. நிலத்தைத் தடவினீர்கள். தடவிய பிறகு நிம்மதி வந்தது." ஆரபி குரலை உயர்த்தவில்லை. "மேலே தொங்குகிறாரா என்று பயந்தீர்கள். கீழே இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டீர்கள். சரிதானே?"

வெள்ளைப் படகு ஜன்னலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய் மறைந்தது. சொல்வெய் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நல்ல கம்பளி" என்றாள் கடைசியில். "அவரோடு புதைக்க மனம் வரவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. பாண்ட் வாசிக்கும் குழந்தைகளுக்காவது உதவட்டும் என்று மூட்டையோடு கொடுத்தேன்."

மனிதனைப் புதைக்க முடிந்த கைக்கு நல்ல ஜக்கெற்றை வீணாக்க முடியவில்லை!

"ஏன், சொல்வெய்?"

"வருடக் கணக்காகக் கேட்டேன். ஒரு கிளை. ஒரேயொரு கிளை. மரத்துக்கு வலிக்கும் என்றார். கடலோரம் வீடு வாங்கி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டு பைன் மரத்தைப் பார்த்தே கிழவியானேன். ஒரு நாள் நானே வாளோடு ஏணியில் ஏறினேன். என்னை இறக்கிவிட்டு, வெட்டின இடத்தில் களிம்பு பூச அவர் ஏறினார்." கோப்பியை ஒரு மிடறு குடித்தாள். "நான் ஏணியைத் தள்ளினேன். படகை மாலையில் தள்ளினேன்."

"பிறகு மரத்தடியில்..."

"அவருக்குப் பிடித்த இடம்."

எழுந்து கைகளை நீட்டினாள். விலங்கு பூட்டும்போதும் கண் ஜன்னலிலேயே இருந்தது.

"நீங்கள் அடைக்கும் அறைக்கு ஜன்னல் இருக்குமா?"

"இருக்கும். முன்னால் ஒரு மரமும் கிடையாது" என்றாள் ஆரபி.

சொல்வெய்யின் முகம் மலர்ந்தது.

"மதில் மட்டும்தான்."

மரத்தடியைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். எய்ரிக் கீழ் வீட்டுக்குப் போய், பூட்டாத விலங்கை இடுப்பில் திரும்பச் செருகி, பத்மநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கி மன்னிப்புக் கேட்டார். வசந்தமலர் அகப்பையோடு அழுதாள்.

பத்மநாதன் அவளை மெதுவாக ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த ஜக்கெற் விசயம்..."

"அம்மாவுக்குச் சொல்லமாட்டன், அங்கிள். சத்தியமா."

அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ஆனால் வழக்கிலை நீங்கள்தான் முக்கிய சாட்சி. கோட்டிலை எல்லாருக்கும் முன்னாலை, எங்கை எடுத்தது எண்டு சொல்லோணும். பேப்பரிலையும் வரும்."

பத்மநாதன் மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டினார். பிறகு எய்ரிக் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"அப்ப என்னையே கொண்டு போகச் சொல்லும், பிள்ளை."