தங்கமாரி பேரில் ஒரு விரல்

"நான் எடுக்கலைன்னு சொன்னா, ஒன் விரலு எடுத்திருக்குன்னு சொல்லுதாவ அக்கா! என் விரலு மட்டும் தனியா நடந்து போயி எடுத்துட்டு வருமா?"

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருந்த சத்தியபாமாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் இப்படிச் சத்தமிட்டுக்கொண்டே நுழைந்தாள் தங்கமாரி. கையில் ரேஷன் அரிசிப் பை. தீப்பெட்டி ஆபீசில் வெகுகாலம் பசை தடவிப் பெட்டி ஒட்டியவள். இப்போது நிலக்காரர் வன்னியபெருமாள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

சத்தியபாமாவின் உதவியாள் சோலைராஜுக்கு அப்போதே ரத்தம் சூடேறிவிட்டது. ஆட்டோ ஓட்டிய காலத்திலிருந்தே அநியாயத்தைக் கண்டால் அவனுக்கு முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் மூளை வேலை செய்யும்.

விஷயம் இதுதான். வன்னியபெருமாள் தன் வீட்டு வாசலில் திருட்டு அலாரம் மாட்டியிருந்தார். பதிந்த விரலை வைத்தால் அது அணையும். முந்தின நாள் ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் போய்த் திரும்பியபோது பீரோவில் காசுமாலை இல்லை, அலாரமும் அலறவில்லை. கைபேசியைப் பார்த்தால், மத்தியானம் அலாரத்தை அணைத்தவர் பெயர் 'தங்கமாரி' என்று இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் காசுமாலை வராவிட்டால் போலீஸ் என்று சொல்லிவிட்டார்.

"மெசினு மாட்டின அன்னைக்கு வச்சதோட சரி. காலையில நான் போகையில வீட்டு ஆளுக முழிச்சிருப்பாவ, கதவு தொறந்தே கெடக்கும். அதைத் தொட்டதே இல்ல" என்றாள் தங்கமாரி. "உடனே வந்திருப்பேன் அக்கா. ரேஷன் கடையில இன்னைக்கும் கண்ணைப் படம் பிடிச்சுத்தான் அரிசி போட்டான். அதுல நேரமாயிட்டு."

சத்தியபாமா அரிசிப் பையை ஒருமுறை பார்த்தாள். "ஒன் விரலைப் பதிஞ்சது யாரு?"

"வீட்டம்மா தம்பி சக்திகுமாரு. வையி, வையின்னு பல தடவை வைக்கச் சொன்னாரு. பெறகு, ஏறிட்டு, நீ போன்னுட்டாரு."

மூவரும் போனபோது வன்னியபெருமாள் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். "அலாரத்தை அணைக்குற நம்பரைக் கொடுத்தா ஊருக்கே சொல்லிருவாளுக. சாவியைக் கொடுத்தா அச்செடுத்துருவாளுக. விரலை யாருக்கும்மா கடன் கொடுக்க முடியும்? அதான் இவளுக்கு விரலுன்னு முடிவு பண்ணேன்" என்றார், ஏதோ பெரிய மனது பண்ணியவர் மாதிரி. சோலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். நம்பிக்கை இல்லாமல் வைத்த பூட்டுக்கு எவ்வளவு பெருமை!

பக்கத்தில் சக்திகுமார் வறுகடலையை இரண்டு கையாலும் படபடவென்று உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். இடது கட்டைவிரலில் கட்டு. "கார் கதவுல நசுங்கிட்டு. உயிரு போகுது" என்றான், யாரும் கேட்காமலே.

"அக்கா, பசையில இவ ரேகையை யாரோ அச்செடுத்துட்டாவ" என்று சோலைராஜ் காதைக் கடித்தான்.

"அச்செடுக்க ரேகைன்னு ஒண்ணு இருக்கணுமே" என்றாள் சத்தியபாமா. பிறகு எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னாள்.

தங்கமாரி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல், அதற்கடுத்தது, மறு கை. சிவப்புதான்.

"ரேஷன் கடை மெசினுக்கே தெரியாத விரலு, அண்ணாச்சி. பசையும் சோப்பும் ரேகையைத் தின்னுட்டு. இந்தப் பெட்டி இவளை ஒருநாளும் உள்ளே விட்டிருக்காது. ஆனா இவ பேருல ஒரு விரலு இதுக்குள்ள இருக்கு. பேரு பெட்டிக்குத் தானாத் தெரியாது. பதியுத ஆளு அடிக்கிறதுதான் பேரு." சத்தியபாமா திரும்பினாள். "தம்பி, ஒங்க விரலு."

சக்திகுமார் வலது கட்டைவிரலை வைத்தான். பச்சை. வன்னியபெருமாளின் கைபேசியில் அவன் பெயரே வந்தது.

"இடது?"

"காயம்னு சொன்னேன்ல!"

"உயிரு போகுத விரலால கடலையை உடைக்க முடியுமா தம்பி?"

வன்னியபெருமாளே கட்டுத் துணியைப் பிடுங்கி எறிந்தார். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. மைத்துனனின் கையைப் பிடித்து அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. கைபேசி சிணுங்கியது. திரையில் 'தங்கமாரி'.

கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து, ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனவனை அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. சக்திகுமார் மாலையைக் கார் டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். போலீஸ் என்ற பேச்சை இப்போது யாரும் எடுக்கவில்லை.

வன்னியபெருமாள் தொண்டையைச் செருமினார். "ஏட்டி, ஏதோ நடந்துபோச்சு. இனிமே ஒனக்கு நம்பரே தாரேன்."

"ஒங்க நம்பரு எனக்கு எதுக்கு? நாளையிலருந்து நான் வரலை." தங்கமாரி அரிசிப் பையைக் கையில் எடுத்தாள். "இங்கன நான் நிக்கையிலேயே அந்தப் பெட்டியிலருந்து என் பேரை அழிங்க."

வன்னியபெருமாள் கைபேசியைத் தடவித் தடவிப் பார்த்தார். அழிக்கத் தெரிந்த ஒரே ஆள் சக்திகுமார்தான்.

"அவரே அழிக்கட்டும்" என்றாள் தங்கமாரி. "நான் பாத்துட்டுப் போறேன்."