கேமராவில் கேட்ட அம்மா

அன்று சாயந்திரம் கேமரா குழந்தையைப் பள்ளிக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"பிரேமினி, சாப்பிட்டியா?"

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கஜேந்திரனின் கை நின்றது. குரல் என்னவோ மனைவி ஜீவராணியின் குரல்தான். ஆனால் மகளை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெற்ற நாளிலிருந்து சிட்டுதான். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், பிள்ளையைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்று அழுது வாங்க வைத்த கேமரா அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் காம்பரா அறைச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பார்க்கலாம், பேசலாம். கட்டிப்பிடிக்கத்தான் வழியில்லை.

கேமரா வாங்கிய பொகவந்தலாவை டவுன் கடையில் அதற்குப் பாஸ்வேர்ட் கேட்டபோது அவன் யோசிக்கவேயில்லை, மகள் பெயரைச் சொன்னான். அதே பெயரைத்தான் ஆட்டோவின் பின் கண்ணாடியில் பெரிய ஆங்கில எழுத்தில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் மேல் இருந்த பெருமை, வேறென்ன.

சிட்டு கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா, என்னைய சிட்டுன்னுதானே கூப்புடுவீங்க. மறந்துட்டீங்களா?"

கேமராவிலிருந்து யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல ஒரு இரைச்சல் மட்டும்.

"சிட்டு," என்றது கேமரா.

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்த கஜேந்திரன் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டான். பாவம், அங்கே அவளுக்கு என்ன களைப்போ.

மறுநாள் சாயந்திரம், தேயிலை மலையை மூடிய பனி ரோட்டுக்கும் இறங்கி, ஈர மண் வாசமும் ஃபெக்டரிப் புகையும் ஒன்றாய்க் கலந்து மூக்கை அடைக்க, அவன் லயத்துக்குக் கீழே ஆட்டோவை நிறுத்தியபோது போன் அடித்தது. ஜீவராணி.

"என்னங்க, கேமரா தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்ட் பிழைங்குது. புள்ளய ஒருக்கா காட்டுங்களேன்."

அவன் ஆட்டோவை விட்டு இறங்கினான். "நேத்து நீ பேசலையா, ஜீவா?"

"எங்க பேசுனேன்? ஒரு வாரமா வூட்டு மேடம் போனை வாங்கி வச்சிருந்தாங்க, இப்பதான் குடுத்தாங்க."

போனைக் கையில் பிடித்தபடியே படியேறி ஓடினான். அவன் வரும்வரை பிள்ளையை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ராசம்மா, வாசலில் தனியாக நின்றாள்.

"சிட்டு எங்கக்கா?"

"அம்மா கூப்புடுதுன்னு வூட்டுக்கு ஓடுச்சு, தம்பி. எனக்கும் ஜீவா சத்தம் கேட்டுச்சே."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அரை இருட்டு. சுவரில் கேமராவின் சிவப்புப் புள்ளி. மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

சிமெந்துத் தரையில் ஈரக் கால் தடங்கள். பெரியவை. உள்ளே போனவை மட்டும்.

"என்னங்க, புள்ள எங்க? பேசுங்க," என்றது போன்.

சிட்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அருகே தலை வரை இழுத்துப் போர்த்திய கம்பளி. நீளமாக. ஏறி இறங்கிக்கொண்டு.

"சத்தம் போடாதீங்கப்பா. அம்மா வந்துட்டாங்க. மேலுக்கு முடியலையாம்."

"சிட்டு," போனில் ஜீவராணி உடைந்து அழுதாள். "அம்மா இங்கதான் இருக்கேன், தங்கம்."

பிள்ளை போனை அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, எத்தனையோ மாத ஏக்கம் தீர்ந்தவளாய், அந்தக் கம்பளி மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, அவள் தலையைத் தடவத் தொடங்கியது.